கஸ்பார் அண்ணாச்சியின் வலது கால்

நடந்தது இலந்தவிளையில். நம்பாதவர்கள் நேரே அங்கே போய், எதிர்ப்படுகிற யாரையாவது நிறுத்தி, "அண்ணாச்சி காலு" என்று மட்டும் சொல்லிப் பார்க்கலாம். அந்த ஆள் கைவேலையைப் போட்டுவிட்டு முதலில் சிரிப்பார், பிறகு உட்காரச் சொல்லுவார், பிறகு ஆரம்பிப்பார், கதை முடிவதற்குள் நீங்கள் வந்த பஸ் திரும்பிப் போயிருக்கும்.

அண்ணாச்சி என்றால் அந்த ஊரில் கஸ்பார் அண்ணாச்சி ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் வெறும் அண்ணன்மார். வாழைத்தார் மண்டி வைத்திருந்தார், மாதா கோயிலில் பங்குப் பேரவைத் துணைத்தலைவராக இருந்தார், அதில் 'துணை' என்கிற சொல் அவர் நாக்கில் ஒருநாளும் ஏறியதில்லை. கோயிலில் முதல் பெஞ்சில் முதல் ஆளாகக் கால்மேல் கால் போட்டு உட்காருவார்; பிரசங்கம் நன்றாக இருந்தால் மேல் கால் லேசாக ஆடும், சரியில்லை என்றால் ஆட்டம் நின்றுவிடும், வந்த சாமியார்களெல்லாம் அந்தக் காலைப் பார்த்தே பிரசங்கத்தை நீட்டவும் குறுக்கவும் பழகியிருந்தார்கள். "முன்வச்ச காலப் பின்வைக்க மாட்டான் இந்தக் கஸ்பாரு" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அதை அவருடைய கால்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

பெரிய வியாழன் அன்று, ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, சாமியார் ஊரில் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொருவருடைய வலது காலிலும் தண்ணீர் விட்டுக் கழுவி, துண்டால் துடைத்து, குனிந்து முத்தி செய்வார், அதாவது முத்தமிடுவார். பெரியவன் சின்னவனுக்கு முன்னால் குனியவேண்டும், குனிகிறவனே பாக்கியவான் என்று சொல்லிக்கொடுக்க வந்த சடங்கு. இலந்தவிளையிலோ அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கு நடக்கும் இழுபறி பஞ்சாயத்துத் தேர்தலுக்குக்கூட நடக்காது. அதிலும் முதல் நாற்காலி தலைமைச் சீடர் இராயப்பருடையது, அது எந்தக் காலத்திலும் அண்ணாச்சியுடையது. இன்னொரு வழக்கமும் உண்டு: கழுவப்போகிற காலை வீட்டிலேயே தேங்காய்நார் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடர் பூசித்தான் கூட்டிவருவார்கள். அண்ணாச்சி ஒருபடி மேலே போய் அத்தரும் வைப்பார். ஆகவே தலைமுறை தலைமுறையாக இலந்தவிளைச் சாமியார்கள் கழுவின காலையே கழுவிக்கொண்டிருந்தார்கள், சட்டியில் விழுகிற தண்ணீரை எடுத்துக் காபி போடலாம், அவ்வளவு சுத்தம்.

ஒரு பெரிய வியாழனில்தான் வினை வந்தது. அப்போதிருந்த சாமியார் எஸ்தாக்கியையும் பன்னிரண்டில் ஒருவராகச் சேர்த்திருந்தார். எஸ்தாக்கி வேறு யாருமல்ல, அண்ணாச்சியின் மனைவி பிரகாசிக்குக் கூடப்பிறந்த அண்ணன். சொந்தமாகக் கொஞ்சம் வாழை, செருப்பில்லாத கால், சேற்றிலும் வெயிலிலும் நடந்து நடந்து குதிகால் இரண்டும் கோடைக் குளம் மாதிரி வெடித்துக் கிடக்கும். அன்றைக்குக் கால் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை, அதான் அங்கே கழுவுவார்களே என்று தோட்டத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி இராயப்பர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்னவே காலா, கரிசக்காடா? இதையா சாமி முத்தி செய்யணும்? எந்திரியும் வே, எந்திரியும்."

எஸ்தாக்கி எழுந்தார். எழுந்தவர் சும்மா போகவில்லை.

"காலு வெடிச்சா வெளக்கெண்ண தேச்சுக்கிடலாம் மாப்ள," என்றார் சாதாரணமாக. "நெஞ்சு வெடிச்சா எதத் தேய்க்க?"

கோயிலே சிரித்துவிட்டது. பீடச் சிறுவர்கள் சிரித்தார்கள், சாமியார் அங்கியின் கைக்குள் சிரித்தார். தான் சொன்னது தப்பு என்று அண்ணாச்சிக்கு அந்த நிமிஷமே தெரியும், ஆனால் தப்பை விழுங்கிவிடலாம், நாலுபேர் சிரித்த சிரிப்பை விழுங்க முடியுமா? எஸ்தாக்கி நடுக்கோயிலில் வந்து மன்னிப்புக் கேட்காதவரை அவன் வீட்டு வாசல்படியை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அடித்தவனிடம் அடிபட்டவன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்கிற இந்த நியாயத்தை ஊரில் யாரும் மறுத்துப் பேசவில்லை, மண்டிக்குத் தார் போடவேண்டுமே.

பிரகாசியை அவர் போகாதே என்று சொல்லவில்லை. அவளேதான் சொன்னாள்: "நீங்க மிதிக்காத வாசப்படி எனக்கும் வேண்டாம்." இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவீடு, அங்கே தாளிக்கிற வாசனை இங்கே வரும், ஏழு வருஷம் அவள் போகவில்லை. அதற்குப்பிறகு அந்த வீட்டில் பேச்சு சாப்பாட்டு அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. சோறு, குழம்பு, தண்ணி, போதும். அண்ணாச்சிக்கு ஊரெல்லாம் மரியாதை, வீட்டுக்குள் ஒரு சிரிப்புக்கு வழியில்லை. தூக்கத்தில் காலை உதைக்கிற வியாதியும் அப்போதுதான் வந்தது.

ஏழாவது வருஷம் புதுச் சாமியார் வந்தார், தொபியாஸ் சாமி. அண்ணாச்சி வழக்கம்போலக் காலைத் தேய்த்து, அத்தர் வைத்து, கோயிலுக்குப் புறப்பட்டு, வாசல்படிக்கட்டில் ஏறும்போது யாரோ "அண்ணாச்சி ஸ்தோத்திரம்" என்றதும் அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள முகத்தைத் திருப்பினார், திருப்பிய வேகத்தில் செருப்பு கழன்றது, வலது கால் கணுக்கால்வரை புதுச் சாணியில் இறங்கியது. திரும்பிப் போகவும் நேரமில்லை, மணி அடித்துவிட்டது. அத்தரும் சாணியுமாக மணக்கிற அந்தக் காலைத் தொபியாஸ் சாமி முகம் சுளிக்காமல் கையில் ஏந்தி, விரல் இடுக்கு இடுக்காக நகத்தால் சுரண்டி, ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவி, துடைத்து, முத்தி செய்தார். இலந்தவிளைக் கோயிலில் அன்றுதான் முதன்முதலாக ஓர் அழுக்குக் கால் கழுவப்பட்டது.

சடங்கு முடிந்து அண்ணாச்சி எழுந்து முதல் பெஞ்சுக்குத் திரும்பினார். இடது கால் திரும்பியது. வலது கால் திரும்பவில்லை. அது நேரே நடுவழியில் இறங்கி, கடைசிப் பெஞ்சையும் தாண்டி, அழுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய்மார் நிற்கிற கதவோரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, மிச்ச அண்ணாச்சியையும் இழுத்துக்கொண்டு.

மறுநாளிலிருந்து அது செருப்புப் போட மறுத்தது. இடது காலில் புதுத் தோல்செருப்பு சரக்கென்று நடக்கும், வலது கால் வெறுங்காலாகத் தொப்பென்று வைக்கும். சரக், தொப், சரக், தொப் என்று சத்தம் கேட்டால் அண்ணாச்சி வருகிறார் என்று கண் தெரியாதவர்களும் சொன்னார்கள். ரேஷன் கடையில் அது வரிசையின் வாலுக்குப் போய் நிற்கும். பஸ்ஸில் யார் ஏறினாலும் எழுந்து இடம்கொடுக்கும், காலே எழுந்தபிறகு ஆள் உட்கார்ந்திருக்க முடியுமா? மண்டியில் கால்மேல் கால் போட்டால் மேலே ஏறுவதற்கு வலது கால் சம்மதிக்காது. சரி, இடதை மேலே போடலாம் என்றால் கீழே இருக்கிற வலது கால் அதைத் தாங்கிக்கொண்டு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று அண்ணாச்சிக்கே தெரிந்தது. ஆமாம், சந்தோஷம். முழங்காலுக்குக் கீழே, வலது பக்கம் மட்டும், அவருக்கு இனம்புரியாத ஒரு சந்தோஷம் இருந்தது. ராத்திரி அந்தக் கால் குழந்தை மாதிரித் தூங்கும். மிச்ச உடம்பு புரண்டுகொண்டிருக்கும், இடது கால் உதைத்துக்கொண்டிருக்கும்.

நாகர்கோவிலில் பெரிய நரம்பு டாக்டர் ஒருவர் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, "காலு நல்ல காலு, அதுல ஒண்ணும் கோளாறு இல்ல" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கோபத்தோடு தொபியாஸ் சாமியிடம் வந்தார்.

"சாமி, என்னத்தப் போட்டுக் கழுவுனியோ?"

"தண்ணிதான்."

"பழையபடி ஆக்குங்க."

"கஸ்பாரு," என்றார் சாமி, "தாழ்மையுள்ளவன்தான் பாக்கியவான்னு எத்தன ஞாயித்துக்கெழம முதல் பெஞ்சுல உக்காந்து கேட்டிருப்பீரு? உம்ம காது கேக்கல, காலு கேட்டிருச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?"

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்லவேண்டியது. முதல் வாரம் சிரித்தார்கள், இரண்டாம் வாரம் பழகிவிட்டார்கள், அப்புறம் அது மழை வெயில் மாதிரி ஊரில் இருக்கிற ஒன்றாகிவிட்டது. "அண்ணாச்சி, வலது காலு சொகமா?" என்று தனியாக விசாரித்தார்கள். பேரவைக் கூட்டத்தில் வலது கால் கடைசி வரிசைக்குப் போய்விட, துணைத்தலைவருக்கு முதுகு காட்டக்கூடாதே என்று எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட, கடைசி வரிசை முதல் வரிசையானதும் கால் மறுபடி எழுந்து மறுகோடிக்குப் போக, அன்றைக்குக் கூட்டம் முழுவதும் நாற்காலி சுற்றியதிலேயே முடிந்தது. மரியாதையை எப்படிப் பங்குவைப்பது என்றும் குழப்பம் வந்தது. இடது பக்கமாக அவர் வந்தால் எழுந்து நிற்பது, வலது பக்கமாக வந்தால் "வாரும், உக்காரும்" என்று பக்கத்தில் இடம் போடுவது என்று கடைசியில் ஏற்பாடாயிற்று. அண்ணாச்சிக்குப் பக்கத்தில் ஏழு வருஷமாக யாரும் உட்கார்ந்ததில்லை. இப்போது உட்கார்ந்து தோட்டத்துக் கதை பேசினார்கள். அவருக்கு அது பிடித்தும் இருந்தது, பிடித்திருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

இதைப் பார்த்து ஊரில் நாலைந்து பேருக்குப் பொறாமை வந்துவிட்டது. தாழ்மையில் அண்ணாச்சி நம்மைவிட உயர்ந்துவிடுவதா? ஒவ்வொருவராகச் சாணியைத் தேடி மிதித்துவிட்டுச் சாமியார் வீட்டு வாசலில் காலை நீட்டிக்கொண்டு நின்றார்கள், "என் கால்ல கூடுதலா இருக்கு பாருங்க சாமி" என்று ஒருவர் அதிலும் பெருமை பேசினார். சாமி கோபப்படவில்லை. எல்லாருக்கும் கழுவிவிட்டார். சாணி போயிற்று, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காலுக்கு ஒரு குறி இருந்தது. தினமும் காலையில் மண்டிக்குக் கிளம்பினால் அது வடக்கே திரும்பாமல் தெற்கே திரும்பும், மாதா சிலை வைத்த குகைக்கோயிலான கெபி முக்குவரை போகும், அங்கிருந்து எஸ்தாக்கியின் தெருவுக்குள் இறங்கப் பார்க்கும். இடது கால் கெபியின் சுவரோரம் ஊன்றிக்கொள்ளும். நடுவில் அண்ணாச்சி ஏணியை விரித்து வைத்தது மாதிரி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, வியர்வை ஊற்ற நிற்பார். பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றிப் போவார். பெண்கள் குடத்தோடு அவருக்குக் கீழே குனிந்து போகாத குறைதான்.

அப்போதுதான் எஸ்தாக்கியின் மகள் பெர்பெத்துக்குக் கல்யாணம் வந்தது, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு கழிந்து, ஊர் முழுக்க வாழை குலை தள்ளியிருந்த நேரம். எஸ்தாக்கி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு தாமே அழைக்க வந்தார். நடுக்கோயிலில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மாப்ள, ஒரே மக. அத்தை கையால நெத்தியில சிலுவை போட்டுத்தான் கோயிலுக்கு எறங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. நீங்க ரெண்டுபேரும் வரணும்."

வலது கால் எழுந்து நின்றது. அண்ணாச்சி இரண்டு கையாலும் அதைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு, "பாப்போம்" என்றார்.

எஸ்தாக்கி போனபிறகு பிரகாசி தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைத்தாள். அன்றைக்குச் சோறு என்றும் சொல்லவில்லை, குழம்பு என்றும் சொல்லவில்லை. அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அந்த முதுகைப் பார்த்தபோது அண்ணாச்சிக்கு அழுகை வந்தது, அழுகையும் முழங்காலுக்கு மேலே வர மறுத்து வலது காலிலேயே நின்றுவிட்டது.

கல்யாணத்தன்று காலை மண்டிக்கென்று கிளம்பினார். சரக், தொப், சரக், தொப். கெபி முக்கு வந்தது, வலது கால் இழுத்தது, இடது கால் ஊன்றியது. அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பேண்டு வாத்தியக்காரர்கள், ஊர்ப் பெரிய மனிதர் முக்கில் நின்று தங்களைத்தான் வரவேற்கிறார் என்று நினைத்து, அவருக்கு முன்னால் வந்து நின்று முழங்கத் தொடங்கினார்கள். இடது காலுக்கு அதுதானே பலவீனம்! மேளம் தனக்குத்தான் என்று நினைத்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, செருப்பு சரசரக்க, பேண்டுக்குத் தாளம் பிசகாமல் அது நடந்த நடையில் வலது கால்தான் பின்னால் ஓடவேண்டியிருந்தது. வீட்டு ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த பிரகாசி, அரிசிப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்த பட்டுச்சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு, தலையை வாரியும் வாராமலும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

எஸ்தாக்கி வீட்டு வாசலில் பேண்டுக்காரர்கள் கலர் குடிக்க நிறுத்தினார்கள். வலது கால் வாசல்படியைத் தாண்டி உள்ளே வைத்தது. மேளம் நின்ற மௌனத்தில் இடது காலுக்குச் சுயநினைவு வந்தது, எந்த வாசல் இது என்று பார்த்தது, பார்த்த இடத்திலேயே சிமெண்டு போட்டது மாதிரி ஊன்றிக்கொண்டது.

அவ்வளவுதான். அண்ணாச்சி படிக்கு உள்ளே பாதி, வெளியே பாதி. முன்வைத்த கால் பின்னால் வராது, அதுதான் அவரே சொல்லிச் சொல்லி வளர்த்த கால். பின்னால் இருக்கிற கால் முன்னால் வராது, அதுவும் அவர் வளர்த்ததுதான். உள்ளே பெண் வெள்ளைச் சேலையும் தலையில் வலைத்துணி நெட்டுமாக நிற்கிறாள், வெளியே அத்தை நிற்கிறாள், நடுவில் மாமா கதவுபோல நிற்கிறார். கோயிலில் இரண்டாம் மணியும் அடித்துவிட்டது.

"பொறவாசல் வழியாப் புள்ளயக் கூட்டிப் போவமா?" என்றார் ஒருவர்.

"மணப்பொண்ணப் பொறவாசல் வழியா அனுப்புவாளாவே, கோட்டிக்காரா?"

நாலு இளவட்டங்கள் அண்ணாச்சியை அலாக்காகத் தூக்கிப் பார்த்தார்கள். வேட்டிதான் வந்தது, அதையும் உடனே திருப்பிக் கட்டிவிட்டார்கள்.

"உள்ளயா வெளியவா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க," என்றாள் பிரகாசி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. "ஏழு வருசம் நின்னுட்டேன். இனி நிக்க எனக்குக் காலு இல்ல."

எஸ்தாக்கி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வாசலுக்கு வந்தவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது வழக்கம்தான், அவர் கொடுத்துவிட்டு நிற்கவில்லை, பக்கவாட்டில் ஒடுங்கி வெளியே வந்து, பட்டுவேட்டியோடு படியில் குந்தி, அண்ணாச்சியின் இடது காலிலிருந்து செருப்பைக் கழற்றினார். "ஒரு காலு கழுவுன காலு, ஒரு காலு கழுவாத காலு. அதான் ஒத்துப்போக மாட்டேங்கு. இப்பச் சரியாயிரும் மாப்ள." குந்தியிருந்தவரின் குதிகால் பின்னால் தெரிந்தது. ஏழு வருஷத்தில் வெடிப்பு இன்னும் ஆழமாகியிருந்தது, கல்யாணத்துக்கென்று அதில் விளக்கெண்ணெய் தேய்த்திருந்தார்.

இடது கால் என்ன செய்தது தெரியுமா? கழுவிக்கொள்ளத் தோதாக, பெருவிரலை நிமிர்த்தி, ராஜா மாதிரி நீட்டிக்கொண்டது.

அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சிக்கு வெட்கம் வந்தது. தன் காலைப் பார்த்தே தான் வெட்கப்படுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? வெட்கம் வலது காலிலிருந்து கிளம்பி, முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, நெஞ்சுக்கு வந்து, கண்ணில் நீராக நின்றது.

"போதும் மச்சான், எந்திரியும்," என்றார். "ஏ, யாராவது மச்சானுக்கு ஒரு நாற்காலி போடுங்க!"

எஸ்தாக்கியை உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டு, அண்ணாச்சி செம்பை வாங்கிக்கொண்டு படிக்கு உள்ளே முழங்கால் போட்டார். முழங்கால் போட்டதும் இடது கால் படிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஊன்றத் தரையில்லாத காலுக்கு என்ன வீம்பு? முனகாமல் உள்ளே வந்துவிட்டது. எஸ்தாக்கி கூச்சத்தோடு வலது காலைமட்டும் லேசாக நீட்டினார்.

"ரெண்டையும் நீட்டும் வே," என்றார் அண்ணாச்சி. "ஒத்தக் காலக் கழுவிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

இரண்டையும் கழுவினார். வெடிப்பு வெடிப்பாக விரல் விட்டுக் கழுவினார். தோள் துண்டை எடுத்துத் துடைத்தார். பிறகு, "அன்னைக்குக் கோயில்ல நான் சொன்னது தப்பு மச்சான். மன்னிச்சிரும்," என்று ஊர் முழுவதும் கேட்கச் சொல்லி, குனிந்து முத்தி செய்தார். வெடிப்பு உதட்டில் முள் மாதிரிக் குத்தியது. அதைவிட மோசம், அண்ணாச்சியின் மீசை எஸ்தாக்கியின் உள்ளங்காலில் குத்தியது.

"ஐயோ மாப்ள, கூசுது! விடும் வே!" என்று அழுதுகொண்டிருந்த எஸ்தாக்கி துள்ளிச் சிரித்தார், துள்ளியதில் செம்பு உருண்டு மிச்சத் தண்ணீர் அண்ணாச்சியின் தலையில் கொட்டியது. வீடே சிரித்தது. பேண்டுக்காரர்கள் கலரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அண்ணாச்சி ஒரு நிமிஷம் நனைந்த தலையோடு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார், ஏழு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு, அதே ஆட்கள், அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. பிறகு அவரும் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை.

வழி விட்டதும் பிரகாசி படியைத் தாண்டி ஓடிவந்து, பெர்பெத்தின் நெற்றியில் சிலுவை போட்டு, அவளைக் கட்டிக்கொண்டாள். மூன்றாம் மணி அடித்தது.

அதற்குப்பிறகு இலந்தவிளையில் பெரிய வியாழனன்று இரண்டு காலையும் கழுவுகிறார்கள், வீட்டில் கழுவிக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இராயப்பர் நாற்காலியில் எஸ்தாக்கி உட்காருகிறார். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு சாமியாருக்குப் பின்னால் குனிந்து வருகிறவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆனால் கல்யாணத்தன்று மத்தியானம் நடந்ததை ஊரில் பெண்கள் மட்டும் தனியாகச் சொல்லிச் சிரிப்பார்கள். விருந்து முடிந்து, எஸ்தாக்கி வீட்டுக் கூடத்தில், பிள்ளைகள் குறுக்கே ஓட, பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில், அண்ணாச்சி பாயை விரித்துப் படுத்தார், அவர் கால்மாட்டில் சுவரோரம் பிரகாசியும் சாய்ந்து கண்ணயர்ந்தாள். திடீரென்று திடுக்கிட்டு விழித்துக்கொண்டாளாம். ஏழு வருஷமாக வழக்கமாக விழுகிற உதை விழவில்லை. பதறிப்போய்ப் புருஷனின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு நன்றாக வந்தது. இரண்டு காலும், எது கழுவின கால், எது கழுவாத கால் என்று தெரியாதபடி, ஒன்றின்மேல் ஒன்று தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தன.